சத்தமில்லாத சபலம்

மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கேனனின் ஐந்தாம் நம்பர் கேமரா நாலு வருடத்துக்கு ஒருமுறை. 2008இல் 5டி மார்க் 2, 2012இல் மார்க் 3, 2016இல் மார்க் 4, 2020இல் உள்ளே இருந்த கண்ணாடியையே கழற்றிப் போட்டுவிட்டு மிரர்லெஸ்ஸாக ஆர்5. எல்லாம் ஒலிம்பிக்ஸ் வருடங்கள். 2020 ஒலிம்பிக்ஸ்தான் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப் போனது. கேமரா தள்ளிப் போகவில்லை. ஆகவே 2024 பிறந்ததுமே என்னைப் போன்றவர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மாதக்கணக்கில் வதந்தி படித்தோம். ஒரு வாரம் அறுபது மெகாபிக்சல் என்பார்கள், மறு வாரம் இல்லை நாற்பத்தைந்துதான் என்பார்கள். யாரோ ஒருவர் மங்கலான ஒரு படத்தைப் போட்டு, பட்டன் இடம் மாறியிருக்கிறது பாருங்கள் என்பார். அதையும் பெரிதாக்கிப் பார்ப்போம். கேமரா வாங்குவதைவிடக் கேமராவுக்குக் காத்திருப்பது சுகமானது; செலவும் இல்லை.

ஜூலை 17ஆம் தேதி அறிவித்தே விட்டார்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்கப் பத்து நாள்கூட இல்லாத நேரம். பெரிய அண்ணன் ஆர்1, கூடவே ஆர்5 மார்க் 2. நம் காலண்டரில் அன்றைக்கு ஆடி ஒன்று. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று டோக்கியோவில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. சரி, ஆடித் தள்ளுபடியாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் பழைய ஆர்5 வந்தபோது 3,899 டாலர். புதியது வந்தபோது 4,299. நம் ஊரில் வெறும் பாடி மட்டுமே நாலு லட்சத்தைத் தாண்டியது. கடைக்கு வர ஆகஸ்ட் கடைசி ஆகும் என்றார்கள். அதுவரை யோசிக்க அவகாசம் இருந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நான் என்ன எடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கணக்கு யாருக்கும் புரியாது. நான் எடுப்பது பெரும்பாலும் மேடை. கர்நாடக சங்கீதக் கச்சேரி, பரதநாட்டியம், அரங்கேற்றம். மார்கழியில் சபா சபாவாக அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். கையில் இருப்பது ஆர்5. அதற்கு முன்னால் 5டி மார்க் 4. அந்தக் காலத்து ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 135 எஃப் 2 லென்ஸை விற்கச் சொல்லி யாராவது சொன்னால் அவரோடு பேசுவதையே நிறுத்திவிடுவேன்.

வீட்டில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இருக்கிறதுக்கு என்னங்க ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சங்கடம். ஆர்5இன் ஷட்டர் ஐந்து லட்சம் தடவைக்குத் தாங்கும் என்று கேனனே சொல்கிறது. என்னுடையது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 45 மெகாபிக்சல். புதியதும் 45 மெகாபிக்சல்தான். அரங்கேற்ற அழைப்பிதழ், பத்திரிகை, சபா வாசலில் வைக்கும் ஆளுயர பேனர், எதற்கும் இது போதும். புதியது இருட்டில் பிரமாதமாக எடுக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றேன். அதே ஃபுல் ஃப்ரேம், அதே எண்ணிக்கை பிக்சல். வெளிச்சம் வாங்கும் பரப்பு வளரவில்லை. புதியதில் இருக்கும் ஸ்டாக்டு சென்சார் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) வேகத்துக்காக வந்த சாதனம், இருட்டுக்காக வந்ததில்லை.

அப்படியானால் எனக்கு எதில் சபலம்? சத்தத்தில். அதாவது, சத்தம் இல்லாததில்.

கச்சேரியில் படமெடுத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பாடகர் ஆலாபனையை மெல்ல விரிக்கிறார். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார். தம்புரா மட்டும் ஓடுகிறது. அந்த நேரத்தில் மெக்கானிக்கல் ஷட்டர் ஒரு தடவை 'டக்' என்றால் மூன்று வரிசை திரும்பும். பக்கத்து சீட்டுக்காரரின் போன் முழு சினிமாப் பாட்டையும் பாடி முடித்தாலும் மன்னிப்பார்கள், கேமராவை மன்னிக்க மாட்டார்கள். ஒரு மாமி என்னிடம், "ஏம்ப்பா, பாட்டைக் கேக்க வந்தோமா, உன் டிக் டிக்கைக் கேக்க வந்தோமா?" என்றே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 5டி மார்க் 4 காலத்தில் கண்ணாடி தூக்கி விழுகிற சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆர்5இல் கண்ணாடி இல்லை, ஆனால் ஷட்டர் திரை இருக்கிறது.

அதில் எலக்ட்ரானிக் ஷட்டரும் உண்டுதானே, அதைப் போட்டால் சத்தமே வராதே என்பீர்கள். வராது. ஆனால் வேறு ஒன்று வரும்.

சென்சார் ஒரு படத்தை ஒரே கணத்தில் அள்ளிக்கொள்வதில்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஆர்5 ஒரு முழுப் படத்தைப் படித்து முடிக்கச் சுமார் 16 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. தலை ஒரு கணத்தில் பதிவாகிறது, கால் 16 மில்லி நொடி கழித்து. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. தாவுகிற நாட்டியக் கலைஞருக்கும், மேலும் கீழும் பறக்கிற வயலின் வில்லுக்கும் இது வம்பு. வில் சாய்ந்து போகும். விரல் நீண்டு போகும்.

அதைவிடப் பெரிய வம்பு விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. பழைய ஹாலஜன் விளக்கில் கேமராவுக்கும் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் இழை சூடாகவே இருக்கும். மங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். எல்ஈடி அப்படி இல்லை. மலிவான எல்ஈடி விளக்கு கிட்டத்தட்ட அணைந்தே எரியும். மங்கிப் பிரகாசிக்கும் ஒரு சுற்றுக்குப் பத்து மில்லி நொடி; ஆர்5 படித்து முடிக்கப் பதினாறு. ஷட்டரை 250இல் ஒரு பங்குக்கு வைத்து எலக்ட்ரானிக்கில் எடுத்தால், ஒரே படத்துக்குள் ஒன்றரைச் சுற்று விழும். பாடகரின் நெற்றியில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை. வெள்ளை வேட்டி கட்டியவர் பல பட்டுக்கரை வைத்த வேட்டி கட்டியது போலத் தெரிவார்.

கடந்த சில வருடங்களில் சென்னை மேடைகள் ஒவ்வொன்றாக எல்ஈடிக்கு மாறிவிட்டன. கூடவே பின்னால் எல்ஈடி திரை. ராகத்தின் பெயர் வந்தாலாவது பரவாயில்லை, ஸ்பான்சரின் நெய் டின் சுழன்று சுழன்று வரும். அந்தத் திரை மெக்கானிக்கல் ஷட்டரிலேயே பட்டை போடும். அதற்கு எந்த கேமராவும் இன்னும் முழுமையாக மருந்து கண்டுபிடிக்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

இந்த இடத்தில்தான் ஆர்5 மார்க் 2 என் காதில் கிசுகிசுக்கிறது. ஸ்டாக்டு சென்சார் என்றால், வெளிச்சம் வாங்கும் அடுக்குக்குக் கீழேயே படிக்கும் மின்சுற்றை இன்னொரு அடுக்காக ஒட்டிவிடுவது. படிப்பது மளமளவென்று நடக்கும். 16 மில்லி நொடி இதில் ஆறு சொச்சமாகக் குறைந்திருக்கிறது. 2017இல் சோனி ஏ9 இதை முதலில் ஃபுல் ஃப்ரேமில் கொண்டுவந்தது. அப்போது விளையாட்டுப் படமெடுப்பவர்களின் பொம்மை என்று நினைத்தோம். 2021இல் நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரையே கழற்றி எறிந்துவிட்டது. கேனன் பக்கம் அதே வருடம் ஆர்3 வந்தது. இப்போது ஐந்தாம் நம்பருக்கும் வந்துவிட்டது.

வேகம் மட்டுமில்லை. பழைய ஆர்5இல் எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் ராவ் கோப்பு 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கும். மார்க் 2இல் அந்த அபராதம் இல்லை. விளக்கு மங்கிப் பிரகாசிப்பதைக் கணித்து, பிரகாசிக்கும் கணத்தில் சுடுகிற வசதி எலக்ட்ரானிக் ஷட்டரிலும் வேலை செய்கிறது. ஃபிளாஷ்கூட எலக்ட்ரானிக்கில் 160இல் ஒரு பங்கு வரை ஒத்துழைக்கும். சத்தமில்லாமல், அவ்வளவாக வளையாமல், பட்டையும் குறைந்து, நொடிக்கு முப்பது படம் வரை. படிக்கும்போதே வாய் ஊறுகிறதா? எனக்கும் ஊறியது.

ஊறிய வாயைத் துடைத்துக்கொண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து உட்கார்ந்தேன். போன சீசன் கச்சேரிப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வியோடு: சத்தம் போடக் கூடாத நேரத்தில், வேகமும் தேவைப்பட்டு, அதனால் நழுவிப் போன படம் எங்கே?

தேடித் தேடிப் பார்த்தேன். மிகக் குறைவாகவே இருந்தது.

ஏன் என்று யோசித்தால் காரணம் கச்சேரியின் அமைப்பிலேயே இருக்கிறது. எங்கே நிசப்தம் தேவையோ அங்கே கை மெதுவாகத்தான் அசைகிறது. ஆலாபனையில் பாடகரின் கை காற்றில் ஒரு கோலம் போடும். அது 100இல் ஒரு பங்கு நொடிக்கு நின்று கொடுக்கும். 100இல் ஒரு பங்கு என்பது நம் ஊர் விளக்கின் சரியாக ஒரு சுற்று. ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுச் சுற்று வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால் பட்டை விழாது. ஆர்5இன் எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே சத்தமின்றி எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் எடுத்துவருகிறேன். உள்ளே இருக்கிற ஸ்டெபிலைசேஷன் 135இல் கூடக் கை நடுக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது.

எங்கே வேகம் தேவையோ அங்கே சத்தம் ஒரு பொருட்டே இல்லை. தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் ஒன்றையொன்று துரத்தும்போது விரலை உறையவைக்க 500இல் ஒரு பங்காவது வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டரைத் தாராளமாகப் போடலாம். யார் காதில் விழப்போகிறது? மேலும், ரசிகர்களில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகிற நேரமும் அதுவேதான். நாற்காலி மடங்கும் சத்தத்தில் என் ஷட்டர் எம்மாத்திரம்.

நாட்டியமும் அப்படித்தான். ஜதி ஓடும்போது நட்டுவாங்கத் தாளம், சலங்கை, மிருதங்கம், சொற்கட்டு எல்லாம் சேர்ந்து ஹாலை நிரப்பும். அங்கேதான் தாவல், அங்கேதான் வேகம். பதம் வரும்போது ஹால் அடங்கும். அங்கே அசைவது பெரும்பாலும் கண்ணும் கையும்தான், அதுவும் நிதானமாக.

திருமணம் எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டி மேளம் கொட்டும்போது பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது.

மிச்சம் என்ன இருக்கிறது? வீணைக் கச்சேரி. சௌக்க காலக் கீர்த்தனையில் மிருதங்கத்தின் தொப்பியில் மெல்லக் கும்கி கொடுக்கிற இடது கை. ஆலாபனைக்கு நடுவே வயலின் சட்டென்று ஓடித் திரும்புகிற ஒரு இழுப்பு. மைக் இல்லாத வீட்டுக் கச்சேரி. இவற்றில் மார்க் 2 எனக்கு உண்மையாகவே உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாலு லட்சத்தை இந்தச் சின்னப் பட்டியலால் வகுத்துப் பார்த்தால் ஒரு கும்கியின் விலை பயமுறுத்துகிறது. அதிலும் பக்கவாத்தியக்காரர்கள் படத்துக்குக் காசு கொடுப்பது அபூர்வம். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் படத்தை யாரும் பெரிதாகப் போடுவதே இல்லையே, எதற்காக வாங்குவார்கள்? மேடையில் ஓரம், வெளிச்சத்தில் மிச்சம், போஸ்டரில் கடைசி வரி. இது கேமரா தீர்க்கிற பிரச்சினை இல்லை.

மற்ற வசதிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஷட்டரை முழுதாக அமுக்குவதற்கு அரை நொடி முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி வந்திருக்கிறது. பறவை எடுப்பவர்களுக்கு வரப்பிரசாதம். மீன்கொத்தி கிளையை விட்டுக் கிளம்பிய பிறகு அமுக்கினால்கூடக் கிளம்பிய கணம் கிடைக்கும். மேடையில் எனக்கு இது எதற்கு? கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள். முதல் இரண்டு தடவை கேமராக்காரனுக்கு ஒத்திகை, மூன்றாவது தடவை சமத்தில் அமுக்கினால் ஆயிற்று. தாளம் போடத் தெரிந்தவனுக்கு அரை நொடி கடன் வேண்டாம்.

கண் பார்க்கிற இடத்தில் ஃபோகஸ் போகும் வசதி இருக்கிறது. இது புதிதல்ல. 1992இல் ஃபிலிம் காலத்து ஈஓஎஸ் 5இலேயே கேனன் இதைச் செய்தது. இடையில் கைவிட்டு, ஆர்3இல் மறுபடி எடுத்தார்கள். நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன். கடையில் வைத்துப் பார்க்காமல் நம்பத் தயாரில்லை.

முகங்களைப் பதிந்துவைத்தால் கூட்டத்தில் அவர்களுக்கே முன்னுரிமை கொடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. கல்யாண போட்டோகிராபர்களே, இது உங்களுக்கு. மாங்கல்யதாரணத்தில் மாப்பிள்ளை முகத்தை விட்டுவிட்டு, அட்சதையோடு எட்டிப் பார்க்கும் பெரியப்பா முகத்தில் ஃபோகஸ் போய் உட்காரும் கொடுமை உங்களுக்குத்தான் தெரியும். இந்த ஒரு வசதிக்காக நீங்கள் வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜனவரிக்கு முன்னால் இது 28 சதவீதமாக இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

8கே வீடியோ, கேமராவுக்குள்ளேயே படத்தைப் பெரிதாக்குவது, நாய்ஸ் குறைப்பது எல்லாம் இருக்கின்றன. பின் இரண்டையும் கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்கிறோம், அது போதும். எச்டிஎம்ஐ இப்போது முழு அளவில் வந்திருக்கிறது. பழைய மைக்ரோ எச்டிஎம்ஐயை உடைத்தவர்கள் கை தட்டுவார்கள்.

வாங்கினால் கூட வருகிற செலவும் யோசிக்க வேண்டியது. ஆர்5 வைத்திருப்பவருக்கு கார்டு செலவு இல்லை. அதே சிஎஃப் எக்ஸ்பிரஸ் ஒன்று, எஸ்டி ஒன்று. பேட்டரி புதியது. பழையது உள்ளே போகும், ஆனால் சில வசதிகள் முடங்கும். எனவே இரண்டு மூன்று புதிது வாங்கியே தீர வேண்டும். நொடிக்கு முப்பது படம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு ராவ் கோப்பு 45 எம்பி என்று வைத்தால், ஒரு நொடிக்கு 1.3 ஜிபிக்கு மேல். ஒரு வர்ணம் முடிவதற்குள் என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு முப்பதில் ஒன்றைப் பொறுக்குவது யார்? கேமரா பொறுக்காது. நள்ளிரவில் நான்தான்.

பழையதைக் கொடுத்துவிட்டு மிச்சம் போட்டு வாங்கலாமே என்று விசாரித்தேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். "சார், போன மாசமே கொண்டு வந்திருக்கணும். இப்ப எல்லாரும் ஆர்5ஓடதான் வர்றாங்க." அறிவிப்பு வந்த வாரத்தில் விற்கப் போவது, முகூர்த்த நாளன்று பூ வாங்கப் போவதற்கு நேர் எதிர். ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 5டி மார்க் 4 வைத்துக்கொண்டு மிரர்லெஸ் பக்கம் போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு இதுதான் நேரம். பழைய ஆர்5 நல்ல விலைக்கு வருகிறது. ஷட்டர் கவுண்ட் பாருங்கள், இந்தியா பில் கேளுங்கள், வாங்குங்கள். உங்கள் ஈஎஃப் லென்ஸ் எல்லாம் அடாப்டரில் ஓடும். டிஎஸ்எல்ஆரிலிருந்து ஆர்5க்கு வருகிற தாவல்தான் பெரிய தாவல், கண்ணில் ஃபோகஸ் பிடித்து நிற்பதை முதல் நாளே பார்த்து அசந்துபோவீர்கள். ஆர்5இலிருந்து மார்க் 2க்குப் போவது ஒரு படி.

ஆர்3 பற்றி ஒரு வார்த்தை. 24 மெகாபிக்சல்தான், ஆனால் படிக்கும் வேகத்தில் மார்க் 2க்கு இளைத்ததில்லை. ஆர்1 வந்த பிறகு இதன் செகண்ட் ஹேண்ட் விலை இன்னும் இறங்கும் என்று அறிவிப்பு வந்தபோது நினைத்தேன். மேடைக்கு 24 தாராளம். பேட்டரி வேறு வகை, எடை ஒரு கிலோவைத் தொடுகிறது. மூன்று மணி நேர அரங்கேற்றத்தில் தோள்பட்டை அதைச் சொல்லும். இருந்தாலும் சத்தமில்லாத வேகம் கட்டாயம் வேண்டும் என்பவர் இதைப் பார்க்காமல் மார்க் 2க்குப் பணம் கட்டக் கூடாது.

லென்ஸே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவரா நீங்கள்? கேனன் விசுவாசி நான் சொல்கிறேன்: நிக்கான் இசட்8ஐயும் கையில் எடுத்துப் பாருங்கள். 2023 மே மாதமே வந்தது. 45.7 மெகாபிக்சல், இதைவிட வேகமான ஸ்டாக்டு சென்சார், மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அமெரிக்காவில் வந்தபோதைய விலை 3,999 டாலர். கேனன் தன் ஆர்எஃப் மவுன்ட்டின் கதவைச் சிக்மா, டாம்ரானுக்கு 2024 ஏப்ரலில்தான் லேசாகத் திறந்தது, அதுவும் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களுக்கு மட்டும். ஃபுல் ஃப்ரேமுக்கு ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வேண்டும் என்றால் அப்போது கேனன் கேட்கிற விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பாடி வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

சோனி ஏ9 மூன்றாம் தலைமுறை இன்னொரு உலகம். அதன் சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதே இல்லை, எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில். வளைவு கிடையாது, விளக்குப் பட்டையும் கிடையாது. ஆனால் ஐஎஸ்ஓ 250இல்தான் தொடங்குகிறது, வந்தபோது விலை 6,000 டாலரைத் தொட்டது, என் லென்ஸ் பெட்டியை அப்படியே மாற்ற வேண்டும். பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

உண்மையிலேயே நிசப்தமும் வேகமும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டில் பறவைக்கும் விலங்குக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பவர்கள். லைவ் சவுண்டில் படமாகும் செட்டில் ஸ்டில்ஸ் எடுப்பவர்கள். டப்பிங்கிலேயே ஓடிய தமிழ் சினிமாவில் இந்தத் தலைவலி குறைவு, ஆனால் லைவ் சவுண்ட் என்றால் டேக் ஓடும்போது ஷட்டரைத் தொட முடியாது. அந்தக் காலத்தில் கேமராவையே சத்தத்தை அடக்கும் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்து எடுத்தார்கள். நாடக மேடை எடுப்பவர்கள். இவர்கள் வாங்கட்டும், கடன் வாங்கியாவது வாங்கட்டும். இந்த கேமரா அவர்களுக்காகவே செய்தது.

நான் வாங்கவில்லை. டிசம்பரில் வீணைக் கச்சேரி நாட்களுக்கு மட்டும் மார்க் 2வை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். மூக்குக் கண்ணாடி வழியே அந்தக் கண் ஃபோகஸ் வேலை செய்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆர்5 என்னிடமே இருக்கும்.

சக கேமராக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதியது வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உங்கள் கையில் இருக்கும் மிரர்லெஸ்ஸிலேயே எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கும், மெனுவில் தேடிப் பாருங்கள். ஷட்டரை 100இல் ஒரு பங்கில் வையுங்கள், நம் ஊர் விளக்குக்கு அது ஒத்துவரும். மெயின் விளக்கு டிம்மரில் ஓடினால் இரண்டு மூன்று சோதனைப் படம் எடுத்துப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் 50இல் ஒரு பங்குக்கு இறங்குங்கள். மெக்கானிக்கல் ஷட்டரைத் தனி ஆவர்த்தனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் டிஎஸ்எல்ஆரே வைத்திருப்பவர்கள், தயவுசெய்து ஆலாபனை முடியும் வரை பட்டனைத் தொடாதீர்கள்.